கினி பிக் தும்முதா? ‘சளிதானே’ன்னு ஒரு நாள்கூட விட்டுடாதீங்க!

‘பொரி’ எங்க வீட்டுக்கு வந்த முதல் கினி பிக். வெள்ளையும் பழுப்புமா, உள்ளங்கையில் அடங்குற சைஸ். கொத்தமல்லிக் கவரைப் பிரிக்கிற சத்தம் கேட்டாலே ‘வீக் வீக்’னு வீட்டையே ரெண்டாக்கும்.

ஒரு வியாழக்கிழமை ரெண்டு மூணு தடவை தும்முச்சு. வெள்ளிக்கிழமை மூக்கோரம் லேசா ஈரம். சனிக்கிழமை கவர் சத்தத்துக்கு அது எழுந்து வரல. “சளி புடிச்சிருக்குது கண்ணு, தம்பிக்கு வாங்குன சிரப் மிச்சம் இருக்குதல்ல... அதுல ரெண்டு சொட்டு ஊத்து”ன்னு அமுச்சி சொன்னாங்க. நானும் ஊத்தினேன். குழந்தைங்களுக்குக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் அது. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணின இடமெல்லாம் லீவு. திங்கட்கிழமை காலையில் பொரி இல்லை.

இதில் நான் பண்ணின தப்பு ரெண்டு. மூணு நாள் காத்திருந்தது ஒண்ணு. மனுஷ மருந்தைக் கொடுத்தது இன்னொண்ணு. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடுன்னு அபார்ட்மென்ட் வீடுகளில் இப்போ கினி பிக் வளர்க்குறவங்க நிறைய. அவங்க யாரும் இந்த ரெண்டு தப்பையும் பண்ணக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

இதுக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

பேர்தான் பிக். பன்றிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதியிலிருந்து வந்த கொறிக்கும் பிராணி. காட்டில் மத்த மிருகங்களுக்கு இரையாகிற இனம். ‘எனக்கு முடியல’ன்னு வெளியே காட்டினா முதல் ஆளா மாட்டிக்கும். அதனால முடியாம இருக்கிறதை மறைக்கிறது அதோட ரத்தத்திலேயே இருக்கு. நம்ம கண்ணுக்குச் சோர்வு தெரியுதுன்னா, உள்ளே பிரச்னை ஆரம்பிச்சு நாளாகியிருக்கும்.

ரெண்டாவது விஷயம், மூச்சு. நமக்கு மூக்கடைச்சா வாயால மூச்சு விடுவோம். கினி பிக் மூக்கை நம்பியே வாழ்ற ஜீவன். மூக்கடைப்பே அதுக்குப் பெரிய கஷ்டம். அது வாயைத் திறந்து மூச்சு விடுதுன்னா வேற வழியே இல்லாம விடுதுன்னு அர்த்தம்.

மூணாவது, வயிறு. இதோட குடல் நாள் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கணும். மூச்சு சரியில்லைன்னா சாப்பாட்டை நிறுத்தும். சாப்பாடு நின்னா குடல் நிற்கும். சளியைத் தாங்கினாலும் குடல் நின்னுபோய் இறந்துடலாம். 12 மணி நேரம் எதையும் தொடலைன்னா அதுவே எமர்ஜென்சி.

எது சாதாரணம், எது ஆபத்து?

பச்சை: பயப்பட வேண்டாம்

- வைக்கோலைக் கிளறும்போது எப்போதாவது ஒரு தும்மல்.
- கண்ணிலிருந்து பால் மாதிரி வெள்ளைத் திரவம் வந்து, அதை வச்சே முகம் கழுவுறது. அது கினி பிக்கோட ‘ஃபேஸ் வாஷ்’. ஒரு நிமிஷத்தில் காணாமப் போயிடும்.
- தடவிக் கொடுக்கும்போது ‘கர்ர்’ரென ஒரு அதிர்வு.

மஞ்சள்: இன்னைக்கே டாக்டர்கிட்ட பேசுங்க

- தொடர்ந்து தும்மல். மூக்கிலோ கண்ணிலோ ஒழுகுறது, பொறுக்குத் தட்டுறது.
- முன்னங்கால் உள்பக்க முடி ஒட்டிப்போய் இருக்கிறது. மூக்கை அதில்தான் துடைக்கும். மூக்கு சுத்தமாத் தெரிஞ்சாலும் கால் காட்டிக் கொடுத்துடும்.
- முடியைச் சிலிர்த்துக்கிட்டு மூலையில் குறுகி உட்கார்றது.
- சாப்பாடும் புழுக்கையும் குறையுறது, எடை இறங்குறது.
- மூச்சோட சேர்ந்து ‘டிக் டிக்’னோ, பேப்பர் கசக்குற மாதிரியோ, விசில் மாதிரியோ சத்தம்.

சிவப்பு: இப்பவே கிளம்புங்க

- மூச்சுக்கு மூச்சு விலாப்பக்கம் உள்ளே இழுக்கிறது, தலை மேலேயும் கீழேயும் ஆடுறது.
- கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு விடுறது.
- ஈறு, உதடு நீலமாவோ வெளுத்தோ போறது.
- தொட்டாலும் நகராம துவண்டு கிடக்கிறது.

ஒரு விஷயம். மூச்சு வாங்குதுன்னாலே நிமோனியான்னு நாமே முடிவு பண்ணக் கூடாது. இதயக் கோளாறு, வயித்து உப்புசம், வெயில் தாக்கம், கடுமையான வலி எல்லாத்துக்கும் வெளியே தெரியுற அறிகுறி இதே மாதிரிதான் இருக்கும். எதுன்னு கண்டுபிடிக்கிறது டாக்டர் வேலை. சீக்கிரம் கவனிக்கிறது மட்டும்தான் நம்ம வேலை.

போன்தான் உங்க ஸ்டெதஸ்கோப்

உங்க கையில் இருக்கிற போனையே இதுக்குப் பயன்படுத்தலாம். கினி பிக் அமைதியா உட்கார்ந்திருக்கும்போது பக்கவாட்டிலிருந்து 30 நொடி வீடியோ எடுங்க. ஸ்லோ மோஷன் இருந்தா இன்னும் நல்லது. வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குதுன்னு 15 நொடிக்கு எண்ணி நாலால் பெருக்குங்க. நிமிஷத்துக்குச் சுமார் 40 முதல் 100 வரை இயல்பு. ஓடி விளையாடினதும் எண்ணாதீங்க, ஏமாத்திடும். நல்லா இருக்கும்போதே ஒரு தடவை எண்ணி நோட் பண்ணி வச்சுக்கிட்டா, பின்னாடி ஒப்பிட வசதி.

ஃபேன், டி.வி-யை நிறுத்திட்டு அதோட முதுகுப் பக்கம் உங்க காதை வச்சுக் கேளுங்க. அந்தச் சத்தத்தையும் ரெக்கார்டு பண்ணுங்க. ஆஸ்பத்திரியில் பயத்தில் எல்லாத்தையும் மறைச்சு ‘நார்மலா’ இருக்கிற மாதிரி நடிக்கும். அப்போ உங்க வீடியோதான் சாட்சி.

அப்புறம் சமையலறை டிஜிட்டல் தராசு. வளர்ந்த கினி பிக் பெரும்பாலும் 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். வாரம் ஒரு தடவை, ஒரே நேரத்தில் எடை போட்டு போன் நோட்ஸில் எழுதுங்க. முடியாம இருந்தா தினமும் போடுங்க. திடீர்னு 50 கிராம் குறைஞ்சா உஷார். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போச்சுன்னா யோசிக்காம டாக்டரைப் பாருங்க. தும்மல் வர்றதுக்கு முன்னாடியே எடை பேசிடும்.

முதல் ஒரு மணி நேரத்தில்...

1. தனியா வைங்க. ஜோடி இருந்தா பக்கத்துக் கூண்டில், பார்வை படுற மாதிரி வைங்க. முழுசாப் பிரிச்சா ஏங்கிப் போயிடும். நல்லா இருக்கிறதுக்கு முதலில் சாப்பாடு, முடியாததுக்குக் கடைசியில். நடுவில் கை கழுவுங்க.

2. காத்தடிக்காத, புகை இல்லாத, இதமான இடத்துக்கு மாத்துங்க. கம்பளியைப் போட்டு மூடிப் புழுங்க வைக்காதீங்க.

3. மூக்கோரப் பொறுக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைச்ச மெல்லிய துணியால மெதுவா ஒத்தி எடுங்க.

4. தண்ணி, புல், பிடிச்ச கீரை எல்லாத்தையும் வாய்க்குப் பக்கத்தில் வைங்க.

5. சாப்பிடலைன்னா, பெல்லட்டை வெதுவெதுப்பான தண்ணியில் ஊற வச்சுக் கூழாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சில் வாயோரமா அரை மில்லி, ஒரு மில்லின்னு கொடுக்கலாம். அது மென்னு முழுங்கின பிறகுதான் அடுத்தது. ஆனா, மூச்சுக்கே திணறுதுன்னா எதையும் ஊட்டாதீங்க. நுரையீரலுக்குள்ள போயிடும்.

6. போனை எடுத்து டாக்டரைத் தேட ஆரம்பிங்க.

மருந்து டப்பாவைத் தொடாதீங்க

நான் கொடுத்த ரெண்டு சொட்டுக்கு வருவோம். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் உள்ளிட்ட பென்சிலின் வகை மருந்துகளும், கிளிண்டாமைசின், லிங்கோமைசின், எரித்ரோமைசினும் கினி பிக்குக்கு விஷம் மாதிரி. அதோட குடலில் புல்லைச் செரிக்க உதவுற நல்ல பாக்டீரியாக்களை இது அழிச்சிடும். அந்த இடத்தில் நச்சைச் சுரக்கிற பாக்டீரியா பெருகி, கடுமையான வயித்துப்போக்கு வந்து சில நாளில் உயிரே போயிடும். வாய்வழியாக் கொடுக்கும்போது ஆபத்து இன்னும் அதிகம்.

இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறே இருக்கு. 1940 மே 25-ம் தேதி, ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி குழு எட்டு சுண்டெலிகளுக்குக் கிருமியை ஏத்தி, நாலுக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தது. அந்த நாலும் பிழைச்சது. மருத்துவ உலகமே மாறிடுச்சு. 1943-ல் வெளியான இன்னொரு ஆய்வில், அதே பென்சிலின் கினி பிக்குகளைக் கொல்லுதுன்னு தெரிஞ்சது. முதல் சோதனை சுண்டெலிக்குப் பதில் கினி பிக்கில் நடந்திருந்தா, பென்சிலினையே ‘ஆபத்தான மருந்து’ன்னு ஓரங்கட்டியிருக்கலாம். அந்த அளவுக்கு இதோட உடம்பு வேற.

இருமல் சிரப், ஜலதோஷ மாத்திரை, மார்பில் தடவுற தைலம், கற்பூரவல்லிச் சாறு, ஆவி பிடிக்க வைக்கிறது... எதுவும் வேண்டாம். நாய், பூனைக்கு எழுதிக் கொடுத்த மருந்தும் வேண்டாம்.

டாக்டரைத் தேடுறது எப்படி?

எல்லாக் கால்நடை டாக்டரும் கினி பிக் பார்க்குறதில்லை. நம்ம பக்கம் பலருக்கு ஆடு, மாடு, நாய், பூனைதான் பழக்கம். அதனால நேரில் போறதுக்கு முன்னாடி போனில் மூணு கேள்வி கேளுங்க. கினி பிக், முயலெல்லாம் பார்ப்பீங்களா? எக்ஸ்-ரே, ஆக்சிஜன் வசதி இருக்கா? ஞாயிறு, ராத்திரி அவசரம்னா யாரைக் கூப்பிடணும்? கினி பிக் வாங்கின வாரமே இதைக் கேட்டு ரெண்டு நம்பரை சேவ் பண்ணி வச்சிடுங்க.

நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கு. உள்ளூர் டாக்டர் கைவிரிச்சா அங்கே போன் பண்ணி விசாரிக்கலாம்.

கூட்டிட்டுப் போறதிலும் கவனம் வேணும். பைக் ஹேண்டிலில் கூண்டை மாட்டிக்கிட்டு எதிர்க்காத்தில் போகாதீங்க. ஆட்டோ, கார் நல்லது. காத்தோட்டமுள்ள கேரியரில் துண்டு விரிச்சு, கொஞ்சம் புல் போட்டு, மேலே லேசா ஒரு துணி. கூடவே வீடியோ, எடைக் குறிப்பு, கடைசியா எப்போ சாப்பிட்டது, என்ன மருந்து கொடுத்தீங்கங்கிற விவரமும் வேணும். சிரப் கொடுத்திருந்தா மறைக்காம சொல்லிடுங்க. திட்டு விழுந்தாலும் பரவாயில்லை.

டாக்டர் பெரும்பாலும் என்ரோஃப்ளாக்சசின், சல்ஃபா வகைன்னு கினி பிக்குக்கு ஒத்துக்கிற ஆன்டிபயாடிக்கை எடை பார்த்துக் கொடுப்பார். தேவைப்பட்டா நெபுலைசர் வைப்பார். ‘கினி பிக்குக்கு இது பாதுகாப்பானதா டாக்டர்?’னு ஒரு வார்த்தை கேட்கிறதில் தப்பே இல்லை. ரெண்டு நாளில் துள்ளினாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தாதீங்க. மருந்து ஆரம்பிச்ச பிறகு வயித்துப்போக்கு வந்தா உடனே போன் பண்ணுங்க.

சளி எங்கிருந்து வருது?

கினி பிக் நிமோனியாவுக்கு முக்கியமான காரணம் ரெண்டு பாக்டீரியா. ஒண்ணு, போர்டடெல்லா. முயல், நாய், பூனைகிட்ட பெருசா அறிகுறி காட்டாம இருந்துக்கிட்டு, கினி பிக்குக்கு வந்தா நுரையீரலைத் தாக்கும். முயலையும் கினி பிக்கையும் ஒரே கூண்டில் போட்டு விற்கிற கடையைப் பார்த்தா அடுத்த கடைக்குப் போங்க. வீட்டிலும் ரெண்டையும் சேர்த்து வளர்க்காதீங்க. இன்னொண்ணு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ். மனுஷங்ககிட்ட இருந்தும் இது பரவலாம். உங்களுக்கோ வீட்டுக் குழந்தைக்கோ சளின்னா மாஸ்க் போட்டு, கை கழுவிட்டுத் தூக்குங்க, முத்தம் வேண்டாம்.

புதுசா ஒண்ணு வாங்கினா, ரெண்டு மூணு வாரம் தனி ரூமில் வச்சுப் பார்த்துட்டுத்தான் பழசோட சேர்க்கணும். கடை, பயணம், புது வீடுன்னு அலைச்சலில் எதிர்ப்பு சக்தி குறையும். ஒளிஞ்சிருக்கிற கிருமி அப்போதான் தலைதூக்கும்.

கிருமி பாதி, கூண்டு மீதி. சிறுநீர் நனைஞ்ச கூண்டிலிருந்து கிளம்புற அம்மோனியா, மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடும். மூக்கைச் சுளிக்கிற வாடை உங்களுக்கு வருதுன்னா, தரையோட தரையா இருக்கிற அதுக்கு எப்படி இருக்கும்?

மர மில்லில் சும்மா கிடைக்குதுன்னு மரத்தூள் போடாதீங்க. நுண்ணிய தூசு. சில மரங்களில் வாசனை எண்ணெயும் இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் மலிவாக் கிடைக்கிற தேங்காய் நார்த்தூளும் காய்ஞ்சா தூசு, நனைஞ்சா பூஞ்சை. சுலபமான வழி, அடியில் தண்ணி உறிஞ்சுற பழைய டர்க்கி டவல், மேலே பனியன் துணி. திருப்பூர் பக்கம் கட்பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். பிசிறு நூல் காலில் சுத்தாம ஓரத்தை மடிச்சுத் தைச்சிடுங்க. தினமும் மாத்துங்க. வாசனை தூக்கலான சோப்பு, கம்ஃபர்ட் வேண்டாம்.

புல்லிலும் கவனம். கொறங்காட்டில் விளையுற கொழுக்கட்டைப் புல், பூச்சிமருந்து படாத அருகம்புல் எல்லாம் கொடுக்கலாம். ஆனா பூஞ்சை வாடை அடிக்கிற, உதறினா தூசு பறக்கிற காய்ஞ்ச புல்லை மாட்டுக்கே விட்டுடுங்க.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், ரூம் ஸ்ப்ரே, மிளகாய் தாளிக்கிற நெடி, தீபாவளிப் புகை, போகிப் புகை... இது எதுவும் அது இருக்கிற ரூமுக்குள்ள வரக் கூடாது. கொசுவுக்குக் கூண்டு மேல வலை போதும்.

நம்ம ஊர் சீசன் காலண்டர்

மார்ச் முதல் மே: இதுக்குச் சுகமான வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி. 30-ஐத் தாண்டினா வெயில் தாக்கும். எச்சில் ஒழுகி, மூச்சிரைக்கும். தண்ணி பாட்டிலை ஃப்ரீசரில் வச்சு, துணி சுத்திக் கூண்டில் வைங்க. குளிர்ந்த டைல்ஸ் ஒண்ணும் போடலாம். ஏ.சி காத்து நேரா படக் கூடாது.

ஜூன் முதல் ஆகஸ்ட்: பாலக்காட்டுக் கணவாய் வழியா ஆடிக்காத்து வீசும். நமக்குச் சுகம், பால்கனியில் இருக்கிற கூண்டுக்கு ஆபத்து. கூண்டை உள்ளே கொண்டு வந்திடுங்க.

அக்டோபர், நவம்பர்: மழை ஈரம். துணி காயாது, புல்லில் பூஞ்சை பிடிக்கும். கூடுதலா ரெண்டு செட் துணி வச்சுக்கங்க.

மார்கழி, தை: விடிகாலைப் பனி. தரையில் கூண்டு வைக்காம ஒரு அடி உயர்த்தி, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி கொடுங்க. மத்தியானம் சூடு, ராத்திரி குளிர்னு மாறி மாறி வர்றது இதுக்கு ஒத்துக்காது.

கொய்யாத் துண்டு ஒண்ணு

நம்மள மாதிரியே கினி பிக் உடம்பாலயும் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாது. சாப்பாட்டிலிருந்துதான் கிடைக்கணும். அது குறைஞ்சா எதிர்ப்பு சக்தி குறையும், சளி நிமோனியாவாகும். ஸ்கர்வி ஆய்வுக்கு இந்தக் குணம் ரொம்ப உதவிச்சு. 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் ரெண்டு பேரும் கினி பிக்கில் ஸ்கர்வி நோயை வரவழைச்சுக் காட்டினாங்க. நம்ம மேட்டுப்பாளையத்துக்கு மேலே, குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் 1918-ல் ஒரே அறையில் ஆரம்பிச்ச ஊட்டச்சத்து ஆய்வுதான் பின்னாடி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமா வளர்ந்தது. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசனும் கினி பிக்குகளை வச்சு இந்தக் குறைபாட்டை ஆராய்ந்தவர்.

ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்குக் குறைஞ்சது 10 மில்லிகிராம் வேணும். முடியாம இருந்தா 30-க்கு மேலயும் தேவைப்படலாம். அதை டாக்டர் சொல்வார். 10 கிராம் கொய்யாத் துண்டில் சுமார் 20 மில்லிகிராம் இருக்கு. குடைமிளகாய், கொத்தமல்லித் தழையும் நல்லது. கொய்யாவில் சர்க்கரை உண்டு, அதனால சின்னத் துண்டு போதும். தண்ணி பாட்டிலில் வைட்டமின் சொட்டு விடுறது வேஸ்ட். சீக்கிரம் வீரியம் போயிடும். ருசி மாறினா தண்ணியே குடிக்காது.

பொரிக்கு அப்புறம் ஒன்றரை வருஷம் கழிச்சு ‘கடலை’ வந்தான். போன மார்கழியில் ஒரு ராத்திரி தராசில் 40 கிராம் குறைச்சலாக் காட்டினான். தும்மல் இல்லை, ஒழுகல் இல்லை. முன்னங்காலைத் திருப்பிப் பார்த்தேன், முடி ஒட்டிப்போயிருந்துச்சு. அடுத்த நாள் காலையில் டாக்டர் மேஜையில் இருந்தான். ரெண்டு வாரம் மருந்து. அமுச்சிதான் வேளாவேளைக்கு சிரிஞ்ச் பிடிச்சாங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போது சமையலறையில் கொத்தமல்லிக் கவர் பிரியுற சத்தம். கடலை கத்துறான்.